மனை வாங்கலும் மண்ணில் வாழ்தலும்

தமிழில் 'மனை' என்னும் சொல் வளமான பொருளுடையது. அது வீட்டைக் குறிக்கும். வீட்டில் நடைபெறும் அறவாழ்வைக் குறிக்கும். அவ்வாழ்வின் துணையாகிய இல்லாளையும் குறிக்கும். மனையறம், மனைமாட்சி, மனைவி முதலிய சொற்கள் யாவும் அவ்வேரிலிருந்து கிளைத்தவையே. இன்றோ அச்சொல், நான்கு மூலைகளிலும் கல் நடப்பட்ட ஒரு வெற்றிடத்தைக் குறிக்கும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. "மனை வாங்கியிருக்கிறீர்களாமே!" என்று ஒருவர் நம்மைக் கேட்டால், அங்கே எப்போது குடியேறப் போகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை, எப்போது, என்ன விலைக்கு விற்கப் போகிறீர்கள் என்றே கேட்கிறார்.

இச்சொற்பொருள் மாற்றத்தை மொழியியலார் ஆய்வுக்கு விட்டுவிடலாம். அதன் பின்னே நிற்கும் வாழ்க்கை மாற்றத்தை நாம் அவ்வாறு விட்டுவிட இயலாது. மனை வணிகம் மந்தமுறும் காலங்களிலெல்லாம் ஓர் எண்ணம் நம்மிடையே தலைதூக்குகிறது: "நகரத்தில் இருந்தது போதும், ஊர்ப்புறத்தில் நிலம் மலிவாக வருகிறது, வாங்கிப் போட்டு அமைதியாக வாழலாம்" என்பதே அது. 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்த பின்னர் இவ்வெண்ணம் மேலும் வலுப்பெற்றது. அடுக்ககத்தின் நான்கு சுவர்களுக்குள் முடங்கியோர்க்கு வேப்பமர நிழலும் திண்ணையும் கனவாக வந்தன. வீட்டிலிருந்தே பணி செய்யலாம் என்னும் ஏற்பாடு அக்கனவுக்குக் கால் முளைக்கச் செய்தது. 'பண்ணை நிலம்', 'வார இறுதித் தோட்டம்' என்னும் விளம்பரங்கள் அதற்குச் சிறகும் கட்டிவிட்டன.

நாட்டுப்புறம் செல்லுதல் தவறென்று நாம் கூறவில்லை. செல்ல வேண்டியோர் செல்லத்தான் வேண்டும். ஆனால், நிலம் மலிந்திருப்பது அங்குச் செல்வதற்குரிய காரணமாகாது. அம்மண்ணின் எல்லாப் பருவங்களிலும் வாழ்ந்து பார்த்த பின்னும் அங்கே வாழ விரும்புகிறோமா என்பதே உரிய காரணமாகும். இவ்வேறுபாட்டை உணராமையால் வாழ்நாள் சேமிப்பை இழந்தோர் நம்மிடையே பலர் உளர். அவர்பொருட்டும், இனி அவ்வழியில் அடியெடுத்து வைக்க இருப்போர்பொருட்டும் சில கருத்துகளை ஈண்டு முன்வைக்கிறோம்.

ஏறுவதும் தணிவதும்

'நிலம் ஒருபோதும் விலை குறையாது' என்பது நம் மக்களிடையே வேரூன்றிய நம்பிக்கை. வரலாறு இந்நம்பிக்கைக்கு முழுமையாகத் துணை நிற்கவில்லை. 1990களின் நடுப்பகுதியில் நாட்டின் பெருநகரங்களில் உச்சத்தைத் தொட்ட மனை விலை, அதன் பின்னர்ப் பல ஆண்டுகள் தணிந்தே கிடந்தது. அக்காலத்தில்தான் தேக்குத் தோட்டத் திட்டங்களும் பெருகின. சில ஆயிரம் ரூபாய் செலுத்தினால் இருபது ஆண்டுகளில் தேக்கு மரம் இலட்சங்களாக வளரும் என்று சொல்லப்பட்டது. நிலத்தைக் கண்ணால் காணாமலே பலர் பணம் செலுத்தினர். 1998 அளவில் அத்தகைய நிறுவனங்கள் அடுத்தடுத்துச் சரிந்தன. பங்குச் சந்தை வாரியமாகிய செபி, 1999இல் கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கென விதிகளை வகுத்தது. விதி வந்தது, போன பணம் பலருக்குத் திரும்பி வரவில்லை.

அடுத்த அலை 2000க்குப் பின்னர் எழுந்தது. பழைய மாமல்லபுரம் சாலையில் கணினி நிறுவனங்களும், திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் தொழிற்சாலைகளும் வளர்ந்தன. அவற்றைச் சுட்டிக்காட்டி, அவற்றிற்கு வெகு தொலைவில், செங்கற்பட்டையும் மதுராந்தகத்தையும் திண்டிவனத்தையும் கடந்து வயல்களில் கல் நடப்பட்டது. ஏக்கர்க் கணக்கில் வாங்கிய நிலம் சதுர அடிக் கணக்கில் விற்கப்பட்டது. இக்கணக்கை மாணவர்கள் ஒருமுறை போட்டுப் பார்த்தல் நலம். ஓர் ஏக்கர் என்பது 100 சென்ட். அதாவது 43,560 சதுர அடி. ஏக்கர் 30 இலட்சம் ரூபாய்க்கு வாங்கப்பட்டதெனக் கொள்வோம். சாலைக்கும் பொது இடத்துக்கும் விட்டது போக 25,000 சதுர அடியை, அடி 300 ரூபாய்க்கு விற்றால் 75 இலட்சம் கிடைக்கும். உழவனுக்குக் கிடைத்தது 30 இலட்சம். ஏர் பிடிக்காமலும் விதை தூவாமலும் ஒரே பருவத்தில் அந்நிலம் ஈன்ற 'மகசூல்' மீதமுள்ள தொகையாகும். அதை விளைவித்தவர்கள், வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேமித்த ஆசிரியர்களும், எழுத்தர்களும், வளைகுடா நாடுகளில் வெயிலில் வெந்த நம் பிள்ளைகளுமே.

பிறகு தணிவு வந்தது. 2016 செப்டம்பர் 9 அன்று, ஒப்புதல் பெறாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாதெனச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. விளைநிலங்கள் வரைமுறையின்றி மனைகளாக்கப்படுவதைத் தடுப்பதே அவ்வாணையின் நோக்கம். அதே ஆண்டு நவம்பர் 8 அன்று 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவையாக அறிவிக்கப்பட்டன. 2017இல் ஒப்புதலற்ற மனைகளை வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. அவ்வாண்டு ஜூனில் அரசு வழிகாட்டி மதிப்பை 33 விழுக்காடு குறைத்தது. உடனே பதிவுக் கட்டணத்தை 1 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாக உயர்த்தியது. பதிவு அலுவலக வாயில்களில் அலைமோதிய கூட்டம் குறைந்தது. கல் நட்ட வயல்கள் கல்லோடு நின்றன.

விலை இறங்கவில்லை, ஆள் வரவில்லை

மனைச் சந்தை தணியும் முறை, காய்கறிச் சந்தை தணியும் முறையன்று. தக்காளி விலை வீழ்ந்தால் மறுநாள் காலையில் ஊரறியும். மனை விலை வீழ்ந்தால் எவரும் அறிவிப்பதில்லை. விற்பவர் தம் மனத்திலுள்ள விலையை விடுவதில்லை, வாங்குபவர் வருவதில்லை. ஆகவே விலை நின்றிருப்பது போன்ற தோற்றம் நிலவுகிறது. "என் மனை 20 இலட்சம் பெறும்" என்று பத்தாண்டுகளாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். மகள் திருமணத்துக்கோ மருத்துவத்துக்கோ விற்க முனையும்போதுதான், 12 இலட்சத்துக்கும் ஆள் இல்லை என்பது வெளிப்படும். விற்கும் நாளில் கைக்கு வருவதே விலை, மற்றவையெல்லாம் பேச்சு.

வாங்கும்போது ஆகும் செலவையும் கணக்கில் கொள்ளல் வேண்டும். 2017 ஜூன் முதல் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 4 விழுக்காடுமாக 11 விழுக்காடு செலுத்த வேண்டியிருந்தது. 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடாகக் குறைக்கப்பட்டமையால் அது 9 விழுக்காடாயிற்று. 20 இலட்சம் ரூபாய் நிலத்துக்கு இது 1,80,000 ரூபாய். தரகு இதற்குப் புறம்பு. ஆக, வாங்கிய நாளிலேயே பத்தில் ஒரு பங்கை இழந்துதான் நாம் நிலக்கிழார் ஆகிறோம்.

கடன் வாங்கி வாங்குவோர் நிலை இன்னும் நுட்பமானது. இந்திய ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 விழுக்காடாக இருந்தது. 2023 பிப்ரவரியில் அது 6.5 விழுக்காடாயிற்று. 2025இல் அது மீண்டும் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. மாறும் வட்டியில் வீட்டுக் கடன் பெற்றோர் இவ்வேற்ற இறக்கத்தைத் தம் மாதத் தவணையில் உணர்ந்தனர். 30 இலட்சம் ரூபாயை 20 ஆண்டுத் தவணையில் 7 விழுக்காட்டு வட்டிக்கு வாங்கியவர் மாதம் ஏறத்தாழ 23,250 ரூபாய் கட்டுவார். வட்டி 9 விழுக்காடானால் அது ஏறத்தாழ 27,000 ஆகும். நகரத்தில் ஊதியம் வரும்வரை இவ்வேறுபாட்டைத் தாங்கலாம். ஊதியத்தை விட்டு ஊர்ப்புறம் சென்ற பின்னர் எவ்வாறு தாங்குவது?

நிலமும் பொழுதும்

தமிழ் இலக்கண மரபு இவ்வகையில் நமக்கு நல்லதொரு வழிகாட்டி. தொல்காப்பியர் முதற்பொருளை நிலம், பொழுது என இரண்டாகக் கூறினார். நிலத்தை மட்டும் அவர் கூறவில்லை. பொழுதையும் உடன் சேர்த்தே கூறினார். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் ஆறு பெரும்பொழுதுகளில் ஒரே நிலம் ஆறு முகம் காட்டும். இன்று நிலம் வாங்குவோர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தரகர் வண்டியில் சென்று, இளநீர் அருந்திவிட்டு முன்பணம் கொடுத்துத் திரும்புகின்றனர். நிலத்தைப் பார்த்தார்களே தவிரப் பொழுதைப் பார்க்கவில்லை.

தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியைத் தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. சித்திரையில் பார்த்த மேட்டு நிலம் ஐப்பசியில் நீர்பிடிப்பாக இருக்கக்கூடும். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் போன்ற புறநகர்ப் பகுதிகளைச் சூழ்ந்தபோது, ஆற்றின் வழி எது, வீட்டின் வழி எது என்பதை நீரே எடுத்துரைத்தது. அதற்கு மாறாக, 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் சென்னைக்குக் குடிநீர் கொண்டுவரப்பட்டது. நான்கு ஆண்டு இடைவெளியில் ஒரே நகரம் நீரில் மூழ்கவும் நீருக்கு ஏங்கவும் கண்டோம்.

தென்னந்தோப்பு வாங்கி ஓய்வுக்காலத்தைக் கழிக்கலாம் என்பது பலரது விருப்பம். நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் இலட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. தலைமுறைகளாகத் தென்னையோடு வாழ்ந்த உழவர்களே நிலைகுலைந்தனர். இளம் உழவர் மறுகன்று நட்டுக் காத்திருப்பார். அறுபது வயதில் தோப்பு வாங்கியவர் எத்தனை ஆண்டுகள் காத்திருப்பார்?

ஆறு, நாடு, நகரம்

கம்பர் தம் காப்பியத்தை ஆற்றுப்படலத்தில் தொடங்கி, நாட்டுப்படலம் கடந்து, நகரப்படலம் அடைகிறார். உமறுப்புலவரும் சீறாப்புராணத்தில் நாட்டுப்படலத்தை முன்னும் நகரப்படலத்தைப் பின்னும் வைத்தார். அரபு நாட்டைப் பாட வந்தவர், தாம் கண்ட தமிழ் மருதத்தின் நீர்வளத்தையே அங்குப் பாய்ச்சினார் என்பதைத் தமிழ் மாணவர் அறிவர். நீர் இருந்தால் நாடு; நாடு இருந்தால் நகரம் என்பதே காப்பிய வரிசை. நம் காலத்தில் அவ்வரிசை தலைகீழாயிற்று. நகரம் முதலில் வருகிறது. அது வழிந்தோடும் இடம் நாடெனப்படுகிறது. ஆறு இறுதியில் நினைவுக்கு வருகிறது.

நிலம் வாங்குவோர் முதலில் கேட்கவேண்டிய வினா 'சென்ட் என்ன விலை?' என்பதன்று, 'கோடையில் அண்டை வீட்டுக் கிணற்றில் நீர் எத்தனை அடியில் நிற்கும்?' என்பதே. கடலோர ஊர்களில் நீர் கிடைக்கும், ஆனால் உப்பாக இருக்கும். மேட்டு நிலங்களில் நல்ல நீர் உண்டு, ஆனால் பல நூறு அடி ஆழத்தில் இருக்கும். நாம் ஆழ்துளைக் கிணறு தோண்டிய மறு ஆண்டே பக்கத்து நிலத்தார் அதனினும் ஆழமாகத் தோண்டினால் நம் கிணறு வறண்டுபோகும். வேளாண்மைக்கு வழங்கப்படும் கட்டணமில்லா மின்னிணைப்பை வீட்டுக்குப் பயன்படுத்தலும் ஆகாது. இவை யாவும் ஊரார் அறிந்த செய்திகள். விளம்பரத் தாளில் இவற்றிற்கு இடமில்லை.

ஆவணம் அறிதல்

பட்டம் பெற்ற நம் இளைஞருள் எத்தனை பேருக்குப் பட்டாவைப் படிக்கத் தெரியும்? இவ்வினாவைக் குறை கூறும் நோக்கில் நாம் எழுப்பவில்லை. நாமும் நம் வகுப்பறைகளில் அதைக் கற்பிக்கவில்லை என்னும் நாணத்தோடே எழுப்புகிறோம். பட்டா நிலவுடைமையின் வருவாய்ப் பதிவு. சிட்டா ஒருவர் பெயரிலுள்ள நிலத்தின் விவரம். அடங்கல் அதில் விளைந்த பயிரின் பதிவு. வில்லங்கச் சான்று அந்நிலத்தின் மீது நடந்த பதிவுகளின் வரலாறு. தாய்ப் பத்திரம் அது கைமாறி வந்த வழி. இவ்வைந்தையும் ஒத்துப் பார்க்காமல் பணம் கொடுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்குவதாகும். ஊராட்சித் தலைவரின் கையொப்பம் மனைப்பிரிவு ஒப்புதலாகாது. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகள், 2016ஆம் ஆண்டு கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றிருத்தல் வேண்டும்.

இன்னும் இரண்டு செய்திகளை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். ஒன்று, வெளிநாட்டில் பணியாற்றும் நம்மவர் பற்றியது. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி, வெளிநாடுவாழ் இந்தியர் இங்கே வீட்டையோ வணிகக் கட்டடத்தையோ வாங்கலாம். விவசாய நிலம், தோட்டப்பயிர் நிலம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க இயலாது. மரபுரிமையாகப் பெறுவதற்குத் தடையில்லை. 'பண்ணை நிலம்' என்னும் விளம்பரத்தைக் கண்டு துபாயிலிருந்தும் ரியாதிலிருந்தும் பணம் அனுப்புவோர் இதை அறிந்திருத்தல் வேண்டும். அனுப்பத் தூண்டும் உறவினரும் அறிந்திருத்தல் வேண்டும்.

மற்றொன்று அறம் பற்றியது. 1892இல் ஆங்கில அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலங்களைப் பிறர் வாங்குதல் செல்லாது. நீர்நிலைப் புறம்போக்கும், வக்ஃபு நிலமும் விலைப்பொருளாகா. மலிவாகக் கிடைக்கிறதே என்று அவற்றை வாங்குபவர் தம் பணத்தை மட்டும் இழப்பதில்லை. பிறர் உரிமையைப் பறித்த பழியையும் விலை கொடுத்து வாங்குகிறார்.

ஊர் என்பது யாது?

எம்மோடு பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரின் பட்டறிவை ஈண்டுக் குறிப்பிடுதல் பொருந்தும். அவர் தம் ஓய்வூதியப் பணிக்கொடையின் பெரும்பகுதியைக் கொண்டு, நகரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு அப்பால் நாற்பது சென்ட் நிலம் வாங்கினார். ஊரடங்கு தளர்ந்ததும் சிறிய வீடொன்று கட்டிக் குடியேறினார். முதல் வேலையாக நிலத்தைச் சுற்றிக் கம்பி வேலி அமைத்தார். மறுநாள் காலையில் ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்தார். "பாய், வேலி போட்டது சரிதான். எங்க ஆடு மாடு இனிமே எந்த வழியாப் போகும்?" என்று கேட்டார். பத்திரத்தில் வழி ஏதும் இல்லை என்றார் நண்பர். பெரியவர் வேறொன்றும் சொல்லாமல் திரும்பிவிட்டார். ஆறு மாதங்களுக்கு நண்பரின் தோட்டத்தில் களை பறிக்க ஒருவரும் வரவில்லை.

நண்பர் நல்லவர். தம் பிழையை உணர்ந்து, ஓரமாக ஐந்தடி விட்டு வேலியை உள்வாங்கினார். அதன் பின்னர் ஊர் அவரை ஏற்றுக்கொண்டது. மழைக்காலத்தில் பாம்பு புகுந்தபோதும், மின்கம்பம் சாய்ந்தபோதும் துணை நின்றவர்கள் அவ்வூராரே. ஆயினும் மூன்றாம் ஆண்டில் அவர் துணைவியாருக்குச் சிறுநீரகக் கோளாறு நேர்ந்தது. வாரம் இருமுறை மருத்துவமனை செல்ல வேண்டியதாயிற்று. ஒருமுறை சென்று திரும்ப ஒரு பகல் கழிந்தது. நகருக்கே திரும்பி வாடகை வீட்டில் இருக்கிறார். ஊர்ப்புற வீடு பூட்டிக் கிடக்கிறது. வாங்க இதுவரை ஒருவரும் வரவில்லை.

இந்நிகழ்ச்சி நமக்கு இரு உண்மைகளை உணர்த்துகிறது. நிலத்தோடு கருப்பொருளும் உண்டு என்றது நம் இலக்கணம். உணவும், விலங்கும், மரமும், பறவையும், தொழிலும் அதனுள் அடங்கும். நிலத்துக்கு விலை உண்டு. கருப்பொருளுக்கு விலை இல்லை. அவற்றோடு பழகித்தான் அவற்றைப் பெறல் இயலும். இஃது ஒன்று. மற்றொன்று, முதுமையில் தொலைவு என்பது கிலோமீட்டரால் அளக்கப்படுவதன்று. உடல்நலக் குறைவால் அளக்கப்படுவது. 108 அவசர ஊர்தி 2008 முதல் தமிழகமெங்கும் இயங்கி எண்ணற்ற உயிர்களைக் காத்துவருகிறது. ஆனால் அது நெருக்கடிக்கு வருவது. வாராந்தர மருத்துவத்துக்கு வருவதன்று. ஐம்பது வயதில் நடக்கக்கூடிய வழி எழுபது வயதில் நடக்கக்கூடிய வழியாகாது.

ஊராரின் பக்கமிருந்தும் இதனைக் காண்போம். நகரப் பணம் ஊருக்குள் நுழைந்தால் சென்ட் விலை ஏறுகிறது. அவ்வூரிலேயே பிறந்து, அங்கேயே கூலி வேலை செய்யும் இளைஞன் தன் திருமணத்துக்கு மூன்று சென்ட் வாங்க முடியாமல் போகிறான். நிலத்தை விற்ற உழவர், விற்ற பணம் செலவான பின்னர், அதே நிலத்துக்குக் காவற்காரராக அமர்வதையும் நாம் கண்டிருக்கிறோம். பின்னர்ச் சந்தை தணிகிறது. வாங்கியவர் வீடு கட்டுவதில்லை, பயிரும் வைப்பதில்லை. கருவேல முள் மண்டுகிறது. அன்று போரில் வீழ்ந்த மறவனுக்கு நடுகல் நாட்டினர் தமிழர். இன்று வீழ்ந்த வயலுக்கு நால்வகைக் கல் நாட்டியிருக்கிறோம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 48.4 விழுக்காட்டினர் நகரவாசிகள். நாட்டின் பெரிய மாநிலங்களுள் இதுவே மிகுதி. எஞ்சியோர்க்கு அந்த வயல் பொழுதுபோக்கு இடமன்று; அடுப்பு எரிவதற்கு வழி.

நம்மவர் கடமை

நம் சமுதாயத்துக்கு இச்செய்தியில் தனிப்பட்ட பங்கும் உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடலோர ஊர்களில் மகளுக்கு வீடு கொடுத்து மணம் முடிக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. பெண்ணுக்குத் தன் பெயரில் ஒரு கூரை வேண்டும் என்னும் நல்லெண்ணம் அவ்வழக்கத்தில் இருப்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நிலத்தின் விலை ஏறிய நாளில், ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடென்பது தந்தையையும் உடன்பிறந்தாரையும் பாலைவனத்துக்கு அனுப்பும் கட்டளையாக மாறிவிட்டது. அவ்வாறு எழுப்பிய மாளிகைகள் சிலவற்றில் முதியோர் ஒருவரோ இருவரோ மட்டும் வாழ்கின்றனர். சில பூட்டியே கிடக்கின்றன. விற்க முனைந்தாலும் அவ்வூருக்கு வெளியிலிருந்து வாங்குவார் அரியர். வீட்டின் பரப்பைக் கொண்டு குடும்பத்தின் பெருமையை அளப்பதைப் பெரியோர்கள் கைவிட்டாலன்றி இந்நிலை மாறாது.

ஊர்ப்புற வாழ்வை உண்மையாகவே விரும்புவோர்க்கு நாம் கூறும் வழி எளியது. முதலில் அவ்வூரில் வாடகைக்கு வீடெடுத்து ஆறு பெரும்பொழுதும் வாழ்ந்து பாருங்கள். நிலத்தை ஓராண்டு குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்டுப் பாருங்கள். முழங்கால் வலியும் கூலியாள் தட்டுப்பாடும் அப்போது விளங்கும். விளைந்த முதல் கீரையின் சுவையும் விளங்கும். பணிக்கொடை முழுவதையும் மண்ணில் புதைக்காதீர்கள். மூன்றாண்டுச் செலவுக்கும் மருத்துவத்துக்கும் உரிய தொகையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நகர வீட்டை உடனே விற்றுவிடாதீர்கள். திரும்பி வரும் வழி ஒன்று இருக்கட்டும். நாம் நேரே பராமரிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் வாங்குங்கள். பேருந்து நிறுத்தத்தையும் மருத்துவமனையையும் தொழுகைக்குச் செல்லும் வழியையும் நடந்தே அளந்து பாருங்கள். ஏற்கெனவே மனை வாங்கிவிட்டு விற்க இயலாதோர், அதைத் தரிசாகப் போடாமல் அவ்வூர் உழவரிடம் பயிரிட விடலாம். எழுத்து வடிவில் ஒப்பந்தம் செய்துகொண்டால் இருவர்க்கும் நலம்.

சந்தை தணிந்திருக்கும் காலம் இதற்கெல்லாம் ஏற்ற காலம். சூடேறிய சந்தையில் 'இன்றே முன்பணம் தராவிட்டால் நாளை கிடைக்காது' என்பார் தரகர். தணிந்த சந்தையில் அச்சொல்லுக்கு வலுவில்லை. காத்திருக்கலாம்; கேட்கலாம்; ஆவணத்தை வழக்கறிஞரிடம் காட்டலாம்; மழைக்காலத்தில் மீண்டும் ஒருமுறை சென்று பார்க்கலாம். தணிந்த சந்தை நமக்குத் தரும் பெரிய ஆதாயம் விலைக் குறைவன்று, சிந்திப்பதற்குரிய அவகாசமே.

மாணவர்களுக்கு ஒரு சொல். உங்கள் தந்தையார் பெயரில் எங்கோ ஒரு மனை இருக்கக்கூடும். வரும் விடுமுறையில் அவரோடு அங்குச் சென்று வாருங்கள். பத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், நான்கு கற்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பக்கத்து வயலில் வேலை செய்பவரிடம், கல் நடுவதற்கு முன் அங்கே என்ன விளைந்தது என்று கேளுங்கள். அவர் சொல்லும் விடையோடு வீடு திரும்புங்கள். அந்நிலத்தை வைத்துக்கொள்வதா, விற்பதா, அங்குச் சென்று வாழ்வதா என்னும் முடிவை அதன் பின்னர்க் குடும்பத்தோடு அமர்ந்து எடுக்கலாம். மனை என்னும் சொல் இழந்த பொருளை அதற்கு மீட்டுத் தரும் வழி அதுவே என நாம் நம்புகிறோம்.